இறைச்சிக்கடைத் தமையனிடம் காணித் தொழில் படித்த ஜோன் ஜேக்கப் அஸ்டர்

1848 மார்ச் 29 ஆம் திகதி நியூயோர்க் நகரில் 84 வயது முதியவர் ஒருவர் காலமானார். அவர் விட்டுச்சென்ற சொத்தின் பெறுமதி குறைந்தது 2 கோடி டொலர். அன்றைய அமெரிக்காவில் அவருக்கு இணையான செல்வந்தர் வேறு எவரும் இருக்கவில்லை. அந்தச் சொத்தின் பெரும்பகுதி மன்ஹற்றன் தீவில் இருந்த காணிகளாகவும் வீடுகளாகவுமே இருந்தது. ஜோன் ஜேக்கப் அஸ்டர் என்ற அந்த மனிதர் பிறக்கும்போது அவரது தகப்பனுக்குச் சொந்தமாக இருந்தது ஜேர்மனியக் கிராமம் ஒன்றில் ஓர் இறைச்சிக்கடை மட்டும்தான்.

காணி வாங்கி விற்கும் தொழிலில் புதிதாக இறங்க நினைப்பவர்கள், தங்களுக்கு வழிகாட்ட யாராவது கிடைக்கமாட்டார்களா என்று தேடுவது எல்லா ஊர்களிலும் எல்லாக் காலங்களிலும் உள்ளதுதான். அவர்களுக்கு அஸ்டரின் வாழ்க்கையில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. வழிகாட்டியை எங்கே தேடுவது என்பது ஒன்று. அந்த வழிகாட்டி சொல்லித்தராத விடயத்தை யார் சொல்லித்தருவது என்பது மற்றையது. இரண்டாவதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

வால்டோர்ப் கிராமத்துப் பையன்

அஸ்டர் 1763 ஜூலை 17 ஆம் திகதி ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் நகருக்கு அருகே உள்ள வால்டோர்ப் என்ற கிராமத்தில் பிறந்தார். வீட்டில் பிள்ளைகள் அதிகம், வருமானம் குறைவு. மூத்த சகோதரர்கள் ஒவ்வொருவராக ஊரைவிட்டு வெளியேறினார்கள். ஜோர்ஜ் லண்டனுக்குப் போய் புல்லாங்குழல் முதலிய இசைக்கருவிகள் செய்யும் தொழிலில் சேர்ந்தார். ஹென்றி, அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரித்தானியா கூலிக்கு அமர்த்திய ஜேர்மனியப் படைகளோடு சேர்ந்து நியூயோர்க் சென்று, அங்கேயே இறைச்சி வியாபாரியாகத் தங்கிவிட்டார்.

தகப்பனின் கடையில் உதவியாளாக நின்ற ஜேக்கப், 16 வயதில், 1779 இல், லண்டனில் இருந்த ஜோர்ஜிடம் போய்ச் சேர்ந்தார். ரைன் நதியில் மரக்கட்டைகளை இறக்கிச் செல்லும் தெப்பம் ஒன்றில் வேலை செய்தே பயணச் செலவைத் தேடிக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது. லண்டனில் அவர் ஆங்கிலம் பேசப் பழகினார். கணக்கு வைக்கவும் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்க்கவும் பழகினார். போர் முடிந்து அமெரிக்கா தனிநாடானதும், 1783 இன் கடைசியில், ஏழு புல்லாங்குழல்களையும் சிறிது பணத்தையும் எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார்.

அந்தக் கப்பல் அமெரிக்கக் கரையை நெருங்கிய நேரத்தில் செசபீக் குடாவில் பனிக்கட்டி உறைந்து வழியை மறித்துவிட்டது. வாரக்கணக்காகக் கப்பல் அசையவில்லை. அந்த இடைவெளியில்தான் அஸ்டருக்கு முதல் பாடம் கிடைத்தது. தன்னைப் போலவே ஜேர்மனியரான ஒரு பயணி, பூர்வீக மக்களிடம் தோல் வாங்கி விற்பதில் எவ்வளவு இலாபம் கிடைக்கும் என்பதை அவருக்கு விபரித்தார். மற்றவர்கள் பனியைத் திட்டிக்கொண்டு இருக்க, 20 வயது அஸ்டர் எங்கே வாங்குவது, எப்படிப் பதப்படுத்துவது, எங்கே விற்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். 1784 மார்ச்சில் பால்ட்டிமோரில் இறங்கி, அங்கிருந்து நியூயோர்க்கில் இருந்த தமையன் ஹென்றியிடம் போய்ச் சேர்ந்தார்.

மூன்று ஆசான்கள்

நியூயோர்க்கில் அஸ்டருக்கு அமைந்த ஆசான்களில் எவரும் ஆசான் என்று தன்னை அழைத்துக்கொண்டவர் அல்லர்.

ரொபர்ட் பவுன் ஒரு தோல் வியாபாரி. குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். அவரிடம் அஸ்டர் சிறிய வாரச் சம்பளத்துக்கும் சாப்பாட்டுக்குமாக வேலைக்குச் சேர்ந்தார். பூச்சி அரிக்காமல் தோல்களைத் தட்டி உதறி அடுக்குவதுதான் முதலில் கிடைத்த வேலை. கஷ்டமான, நாற்றமடிக்கும் வேலை. ஆனால் ஆயிரக்கணக்கான தோல்கள் கைகளினூடாகப் போகும்போது நல்லது எது, கழிவு எது என்று விரல்களே அறிந்துகொள்கின்றன. பிறகு பவுன் அவரை உள்நாட்டுக்கு அனுப்பித் தோல் வாங்கப் பழக்கினார்.

இரண்டாவது ஆசான் அவருடைய மனைவி. 1785 இல் அஸ்டர் சாரா டொட் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். சாராவின் தாய் தங்குவிடுதி நடத்திய ஒரு கைம்பெண். சாரா கொண்டுவந்த சீதனம் 300 டொலர். ஆனால் அந்தப் பணத்தைவிடப் பெரிய முதலாக அமைந்தது அவரது அறிவு. தோலின் தரத்தை மதிப்பிடுவதில் கணவனைவிட மனைவிதான் கெட்டிக்காரி என்பது வியாபாரிகள் மத்தியில் பேசப்பட்ட விடயம். 1786 இல் குவீன் வீதியில் இருவரும் நடத்திய கடையில் இசைக்கருவிகளும் தோலும் விற்கப்பட்டன. ஜேக்கப் தோல் வாங்கக் காடுகளுக்குள் அலைந்த மாதங்களில் கடையைப் பார்த்துக்கொண்டவர் சாரா. அவருடைய குடும்பம் நியூயோர்க்கின் பழைய டச்சுக் குடும்பங்களோடு உறவுடையது என்பதால், கிராமத்தில் இருந்து வந்த குடியேறிக்கு நகரத்து மனிதர்களும் அறிமுகமானார்கள்.

மூன்றாவது ஆசான் ஹென்றி. காணித் தொழிலைப் பொறுத்தவரை இவரே முதன்மையானவர்.

பவரி வீதியில் ஓர் உறுதி

அந்தக் காலத்து நியூயோர்க், மன்ஹற்றன் தீவின் தென்முனையில் ஒடுங்கிக் கிடந்த ஒரு சிறு நகரம். 1790 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தவர்கள் 33,000 பேர்தான். நகரத்தைத் தாண்டி வடக்கே போனால் தோட்டங்களும் மேய்ச்சல் நிலங்களும் சதுப்பும் பாறையும்தான். வடக்கில் இருந்து நகரத்துக்குள் வரும் பிரதான வழி பவரி பாதை. இறைச்சிக்கு வரும் மாடுகள் எல்லாம் அந்தப் பாதையால்தான் ஓட்டிவரப்பட்டன.

சந்தைக்கு மாடு வந்துசேரும்வரை ஹென்றி காத்திருக்கமாட்டார். குதிரையில் ஏறிப் பவரிப் பாதை வழியே வடக்கே போய், மந்தைகளை இடைவழியில் சந்தித்து, நல்ல மாடுகளை முதலில் தெரிந்து வாங்கிவிடுவார். மற்ற இறைச்சி வியாபாரிகள் இதனால் ஆத்திரமடைந்து நகரசபையிடம் முறையிட்டார்கள். பின்னர் அந்தப் பாதையில் மாட்டு வியாபாரிகள் கூடும் புல்ஸ் ஹெட் என்ற தவறணையும் ஹென்றிக்குச் சொந்தமானது. உழைத்த காசில் மிச்சம் பிடித்ததை அவர் அந்தப் பகுதியிலேயே காணிகளாக வாங்கிப் போட்டார்.

தினமும் ஒரே பாதையால் குதிரையில் போய்வரும் மனிதனுக்குப் பல விடயங்கள் தெரியவரும். எந்த வளவில் புதிதாக வேலி போடப்படுகிறது, எந்தத் தோட்டக்காரர் கடனில் இருக்கிறார், நகரத்தின் கடைசி வீடு போன வருடத்தைவிட எவ்வளவு தூரம் வடக்கே நகர்ந்திருக்கிறது என்பதெல்லாம் ஹென்றியின் கண்ணுக்குத் தெரிந்தவை. நகரம் தீவின் தென்முனையில் இருப்பதால் மூன்று பக்கமும் தண்ணீர். அது வளர்வதானால் வடக்கே மட்டும்தான் வளர முடியும். இந்த எளிய உண்மையைப் பத்திரிகையில் படிக்காமல் மாட்டுப் பாதையில் கண்டவர் அவர்.

1789 இல் ஜேக்கப் அஸ்டர் தன் முதல் காணியை வாங்கினார். பவரிப் பாதைக்கும் எலிசபெத் வீதிக்கும் அருகில் இருந்த துண்டுகள் அவை. விலை நியூயோர்க் நாணயத்தில் 250 பவுண். உறுதியில் விற்றவராகக் கையெழுத்து வைத்தவர் வேறு யாருமல்ல, ஹென்றிதான்.

இந்தச் சிறிய கொடுக்கல்வாங்கலைக் கொஞ்சம் நின்று கவனிக்கவேண்டும். ஹென்றி தம்பிக்கு இனாமாக எதையும் கொடுக்கவில்லை. தான் நன்கு அறிந்த இடத்தில், தானே வைத்திருந்த காணியில் ஒரு பகுதியை முறைப்படி விலைக்குக் கொடுத்தார். அவருடைய மற்றக் காணிகளும் அதே பகுதியிலேயே இருந்தன. தம்பியின் காணி விலை விழுந்தால் அவருடையதும் விழும். புதியவர் ஒருவருக்கு வழிகாட்டுகிறேன் என்று சொல்பவர்கள் பலர். சொல்லும் இடத்தில் தன் சொந்தப் பணத்தையும் போட்டிருப்பவர்கள் சிலரே.

கடன் விடயத்திலும் ஹென்றி கண்டிப்பானவர் என்பதற்கு ஒரு கதை உண்டு. தம்பி ஒருமுறை கடன் கேட்டு வந்தபோது, இனிமேல் தன்னிடம் கடன் கேட்பதில்லை என்று வாக்குக் கொடுத்தால் 100 டொலரைச் சும்மாவே தருகிறேன் என்று அவர் சொன்னாராம். ஜேக்கப் வாக்குக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டாராம். உண்மையோ கட்டுக்கதையோ, அஸ்டரின் பிற்கால நடத்தை இந்தக் கதைக்குப் பொருந்திப்போகிறது. அவர் காணி வாங்கியது வியாபாரத்தில் ஈட்டிய இலாபத்தைக் கொண்டு. கடன் வாங்கிக் காணி பிடித்தவர்கள் பொருளாதாரம் சரிந்தபோது விழுந்தார்கள், அவர் விழவில்லை.

தோலில் இருந்து தேயிலை, தேயிலையில் இருந்து காணி

முதல் காணியை வாங்கிய பிறகு அஸ்டர் உடனே காணிகளில் பாய்ந்துவிடவில்லை. அடுத்த பத்து வருடங்கள் அவருடைய முதல் பெரும்பாலும் தோல் வியாபாரத்திலேயே சுழன்றது. மொன்றியலில் தோல் வாங்கி லண்டனுக்கு அனுப்பினார். 1794 இல் அமெரிக்காவும் பிரித்தானியாவும் செய்துகொண்ட ஜே ஒப்பந்தம் கனடாவுடனான வர்த்தகத்தை இலகுவாக்கியது. 1800 அளவில் அவர் சீனாவின் கன்ரன் துறைமுகத்துக்குக் கப்பல் அனுப்பத் தொடங்கினார். போகும்போது தோல், வரும்போது தேயிலையும் பட்டும். ஒவ்வொரு பயணத்திலும் கிடைத்த இலாபம் பெரிது.

அந்த இலாபம்தான் மன்ஹற்றன் காணிகளாக மாறியது. 1800 முதல் 1820 வரையான காலத்தில் அவர் ஏறத்தாழ 7 இலட்சம் டொலரைத் தீவின் காணிகளில் போட்டார். வாங்கியவற்றில் பெரும்பாலானவை அன்றைய நகர எல்லைக்கு வெளியே இருந்தவை. 1803 இல் மெட்செவ் ஈடன் என்ற மதுவடிப்பாளரின் பண்ணை அவர் கைக்கு வந்தது. பிரோட்வேயில் இருந்து ஹட்சன் ஆற்றை நோக்கிப் பரந்துகிடந்த ஏறத்தாழ 70 ஏக்கர் அது. இன்று உலகம் அறிந்த ரைம்ஸ் சதுக்கம் அந்தப் பண்ணை மண்ணில்தான் இருக்கிறது.

மற்றொரு கொள்வனவு ஆரோன் பர்ரிடம் இருந்து வந்தது. அமெரிக்காவின் உப ஜனாதிபதியாக இருந்தவர் பர். 1804 ஜூலையில் அலெக்சாண்டர் ஹமில்ட்டனைத் துப்பாக்கிச் சண்டையில் கொன்றவர். எப்போதும் கடனில் தத்தளித்த அவரிடம் டிரினிட்டி தேவாலயத்துக்குச் சொந்தமான ஒரு பெரிய வளவின் நீண்டகாலக் குத்தகை இருந்தது. அந்தக் குத்தகைக்கு 1866 வரை ஆயுள் இருந்தது. அதை அஸ்டர் வாங்கி, நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பிரித்துத் தான் மறுகுத்தகைக்குக் கொடுத்தார். தேவாலயத்துக்கு அவர் கட்டியது பழைய காலத்துச் சிறுதொகை. குடியிருந்தவர்களிடம் வாங்கியது புதிய காலத்துத் தொகை.

அவர் எப்படிக் கணக்குப் பார்த்தார் என்பதைக் காட்ட ஒரு பழைய கதை சொல்வார்கள். வோல் வீதிக்கு அருகே இருந்த ஒரு துண்டை அவர் 8,000 டொலருக்கு விற்றாராம். வாங்கியவர், சில வருடங்களில் இது 12,000 டொலர் பெறும் என்று பெருமைப்பட்டாராம். அஸ்டர் அதை மறுக்கவில்லை. அந்த 8,000 டொலரைக் கொண்டு கனால் வீதிக்கு அப்பால் 80 துண்டுகள் வாங்கப்போவதாகவும், அதே காலத்தில் அவை அதன் பத்து மடங்கு பெறும் என்றும் அமைதியாகச் சொன்னாராம். ஹென்றியின் மாட்டுப் பாதைப் பாடம் இங்கே கணக்கு வடிவில் வந்திருக்கிறது.

1811 இல் தீவின் பெரும்பகுதியைச் சதுரங்கப் பலகைபோல வீதிகளாகப் பிரிக்கும் திட்டம் வெளியானது. 1825 இல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டு, உள்நாட்டு விளைபொருட்கள் எல்லாம் நியூயோர்க் துறைமுகத்துக்கு வரத் தொடங்கின. 1820 இல் 1,24,000 அளவில் இருந்த மக்கள்தொகை 1840 இல் 3,12,000 ஐத் தாண்டியது. அவருடைய காணிகளை நகரம் வந்து தொட்டது. பசுபிக் கரையில் அவர் 1811 இல் நிறுவிய அஸ்டோரியா என்ற வணிக நிலையம் போரினால் 1813 இல் கைவிட்டுப் போனது. அது அவருடைய பெரும் தோல்வி. ஆனால் அந்த நட்டத்திலும் மன்ஹற்றன் காணிகளை அவர் விட்டுவிடவில்லை.

சீவிய உரித்து

இவ்வளவும் ஒரு திறமைசாலியின் கதை. இனி வருவது அதே திறமையின் மறுபக்கம்.

நியூயோர்க் நகருக்கு வடக்கே, இன்றைய பட்னம் மாவட்டத்தில், ரொஜர் மொரிஸ் என்ற பிரித்தானியப் படை அதிகாரிக்கும் அவர் மனைவி மேரிக்கும் 50,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இருந்தது. மனைவி வழி முதுசம் அது. சுதந்திரப் போரில் அவர்கள் பிரித்தானியாவின் பக்கம் நின்றதால் நியூயோர்க் மாநில அரசு 1779 இல் நிலத்தைப் பறிமுதல் செய்தது. பிறகு அதைத் துண்டு துண்டாக விவசாயிகளுக்கு விற்றது. விவசாயிகள் காசு கொடுத்து, அரசாங்க உறுதி வாங்கி, காடு வெட்டி, வீடு கட்டி, பிள்ளைகுட்டிகளோடு குடியிருந்தார்கள்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. திருமணத்தின்போது எழுதப்பட்ட ஆவணத்தின்படி ரொஜருக்கும் மேரிக்கும் இருந்தது சீவிய உரித்து மட்டுமே. இருவரும் இறந்த பிறகு நிலம் பிள்ளைகளுக்குப் போகவேண்டும். அரசால் பெற்றோரின் சீவிய உரித்தைப் பறிக்க முடிந்ததே தவிர, பிள்ளைகளின் உரித்தை அது தொட்டிருக்கவில்லை. இந்த ஓட்டையை அஸ்டர் அறிந்துகொண்டார். 1809 இல் இங்கிலாந்தில் இருந்த பிள்ளைகளிடம் அவர்களின் உரித்தை 20,000 பவுணுக்கு வாங்கினார். அதன்பின் பொறுமையாகக் காத்திருந்தார்.

1825 இல் மேரி மொரிஸ் இறந்தார். அப்போது அந்த நிலத்தில் ஏறத்தாழ 700 குடும்பங்கள் வாழ்ந்தன. தங்கள் உறுதியை நம்பி ஒரு தலைமுறைக்கு மேல் உழைத்த அவர்களுக்குத் திடீரென்று நியூயோர்க்கில் இருந்த ஒரு செல்வந்தர் காணிச் சொந்தக்காரராக முன்னே வந்து நின்றார். வழக்கு அமெரிக்காவின் உயர் நீதிமன்றம்வரை போனது. சட்டம் அஸ்டரின் பக்கம் சாய்ந்தது. கடைசியில் விவசாயிகளை வெளியேற்ற விடாமல் மாநில அரசே அஸ்டருக்கு ஏறத்தாழ 5 இலட்சம் டொலர் கொடுத்துப் பிரச்சினையை முடித்தது. 20,000 பவுண், அதாவது ஏறத்தாழ ஒரு இலட்சம் டொலர், போட்டவருக்குப் பொதுமக்களின் வரிப்பணத்தில் இருந்து அந்தத் தொகை போய்ச் சேர்ந்தது.

உறுதியை ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தவன் வெல்வான் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. உறுதியை மட்டும் வாசித்து, அந்த மண்ணில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காதவன் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கும் இதுவே உதாரணம்.

கேட்க ஆளில்லாத கேள்வி

தோல் வியாபாரத்திலும் அதே போக்குத்தான். 1808 இல் தொடங்கிய அவருடைய அமெரிக்கத் தோல் கம்பனி, பூர்வீக மக்களுக்குச் சாராயத்தைக் கொடுத்துத் தோல் வாங்கியது என்பது அக்காலத்து அதிகாரிகளே முறையிட்ட விடயம். 1816 இல் துருக்கியில் இருந்து வாங்கிய அபினைச் சீனாவுக்கு அனுப்பிய வரலாறும் அவருக்கு உண்டு. 1834 இல், மேற்கத்தையத் தொப்பிகள் தோலில் இருந்து பட்டுக்கு மாறிக்கொண்டிருந்ததைக் கண்டு, தோல் வியாபாரத்தைக் கைவிட்டு முழுநேரக் காணிக்காரரானார். 1836 இல் பிரோட்வேயில் 300 க்கு மேற்பட்ட அறைகளோடு அஸ்டர் ஹவுஸ் என்ற ஹொட்டேலைத் திறந்தார்.

1837 இல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தது. வங்கிகள் மூடின. காணியை ஈடுவைத்துக் கடன் பட்டவர்கள் வட்டி கட்ட வழியின்றித் தவித்தார்கள். கையில் காசோடு நின்ற சிலரில் அஸ்டரும் ஒருவர். ஈட்டுக் காணிகள் பல அந்த நேரத்தில் குறைந்த விலைக்கு அவர் கைக்கு வந்தன.

அவர் கையாண்ட குத்தகை முறையும் கவனிக்கத்தக்கது. காணியை 21 வருடக் குத்தகைக்குக் கொடுப்பார். கட்டடம் கட்டுவது குத்தகைக்காரரின் செலவு. வரி கட்டுவதும் அவரே. காணிச் சொந்தக்காரருக்கு வருடத்துக்குக் காணியின் பெறுமதியில் 5 வீதம் அளவில் வந்துகொண்டிருக்கும். 21 வருடம் முடிய, அந்தப் பகுதி வளர்ந்து பெறுமதி கூடியிருக்கும். புதிய பெறுமதியில் புதிய குத்தகை. ஊரை வளர்த்தவர்கள் குடியிருந்தவர்கள். வளர்ச்சியின் பலன் காணிக்காரருக்கு. பிந்திய காலத்தில் குத்தகைக்காரர்கள் தங்கள் காலம் முடிவதற்குள் போட்ட காசை எடுக்கவேண்டும் என்பதற்காக நெருக்கமான அடுக்கு வீடுகளைக் கட்டி, காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் புதிய குடியேறிகளை அடைத்தார்கள். அஸ்டரின் மகன், பேரன் காலத்தில் கீழ்க்கிழக்குப் பகுதியின் சேரிகள் பெருகியதில் இந்த முறைக்குப் பங்கு உண்டு. ஒரு காலத்தில் கப்பலில் இருந்து வெறுங்கையோடு இறங்கியவரின் காணிகளில், பின்னாளில் அதேபோல் இறங்கியவர்கள் மூச்சுத்திணறி வாழ்ந்தார்கள்.

கடைசிக் காலத்தைப் பற்றி அவருடைய பழைய வாழ்க்கை வரலாற்றாளர்கள் ஒரு கதை சொல்கிறார்கள். நடமாட முடியாத நிலையில், இரத்த ஓட்டத்துக்காகப் போர்வையில் வைத்து மெதுவாகத் தூக்கி ஆட்டப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வாடகை சேர்ப்பவர் வந்தாராம். வறிய முதிய பெண் ஒருத்தியின் வாடகை வந்துவிட்டதா என்று அஸ்டர் கேட்டாராம். அவளால் கட்ட முடியாது என்ற பதிலை அவர் ஏற்கவில்லையாம். விடயத்தை அறிந்த மகன், தன் பணத்தை எடுத்துக் கொடுத்து, அவள் கட்டியதாகச் சொல்லும்படி அனுப்பினாராம். அந்தப் பணத்தைக் கண்டதும் முதியவர் திருப்தியடைந்தாராம்.

அவர் உயிலில் பொதுமக்களுக்கான நூலகம் ஒன்றுக்கு 4 இலட்சம் டொலரும், பிறந்த ஊரான வால்டோர்ப்பின் வறியவர்களுக்காக 50,000 டொலரும் எழுதிவைத்தார். அந்த நூலகம் பின்னர் நியூயோர்க் பொது நூலகத்தின் ஒரு பகுதியானது. மீதியில் பெரும்பகுதி மகன் வில்லியத்துக்குப் போனது. சிறுவயதில் இருந்தே தகப்பனின் கணக்கு மேசையருகே வளர்க்கப்பட்டவர் வில்லியம். 1833 இல் பிள்ளைகள் இல்லாமல் இறந்த பெரியப்பா ஹென்றியும் தன் ஏறத்தாழ 5 இலட்சம் டொலர் சொத்தின் பெரும்பகுதியை அவருக்கே விட்டுச் சென்றிருந்தார். இறைச்சிக்கடைக்காரரின் பாடமும் பணமும் இரண்டு வழியாலும் ஒரே இடத்துக்கு வந்துசேர்ந்தன. 1912 இல் டைட்டானிக் கப்பலோடு மூழ்கிய ஜோன் ஜேக்கப் அஸ்டர் இந்தக் குடும்பத்தின் கொள்ளுப்பேரன்.

அஸ்டருக்குக் கிடைத்த வழிகாட்டிகள் எல்லோரும் அவரவர் அறிந்ததை நேர்மையாகக் கற்பித்தார்கள். பவுன் தோலைப் பார்க்கக் கற்பித்தார். சாரா மதிப்பிடக் கற்பித்தார். நகரம் எந்தப் பக்கம் வளரும், கடன் எவ்வளவு ஆபத்தானது, வாங்கியதை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பவற்றுக்கு ஹென்றியின் வாழ்க்கையே பாடமாக இருந்தது. புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு இவை போதும். ஆனால் 700 குடும்பங்களின் தலைவிதி உறுதி ஒன்றின் ஒரு வரியில் தொங்கியபோது, அந்த வரியைப் பயன்படுத்தத்தான் வேண்டுமா என்று கேட்கும் இடத்தில் ஒருவரும் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அவர் கேட்டிருப்பாரா என்பது வேறு விடயம். காணித் தொழிலுக்கு வழிகாட்டி தேடுபவர்கள், வாங்கச் சொல்லித்தருபவரோடு சேர்த்து, வேண்டாம் என்று சொல்லத் துணிந்த ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அத்தகையவருக்கு உங்கள் இலாபத்தில் பங்கு இல்லாமல் இருப்பது இன்னும் நல்லது.